முடுக்கம் மாறும் வீதம்: ‘குலுக்கம்’ சரியா?

வணக்கம்.

இயந்திரவியல் கலைச்சொல் பட்டியலில் விசை, நிலைமம், உந்தம், திசைவேகம், முடுக்கம் எல்லாம் முடிந்தன. முடுக்கத்துக்கு அடுத்த படியான ‘ஜெர்க்’ மட்டும் பாக்கி. வரையறையில் குழப்பமில்லை: முடுக்கம் நேரத்தோடு மாறும் வீதம், அலகு மீ/வி³. நிறை மாறாத பொருளில், விசை மாறும் வீதத்தை நிறையால் வகுத்தாலும் இதுவே வரும். இப்போதைக்குக் ‘குலுக்கம்’ என்று போட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

---

> இப்போதைக்குக் ‘குலுக்கம்’ என்று போட்டிருக்கிறேன்.

மறுப்பு உண்டு. குலுக்கினால் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அது அதிர்வுக்குப் பங்காளி. ஜெர்க் ஒரே திசையில் ஒரே தடவை நடந்தாலும் ஜெர்க்தான்.

நகரப் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவரைப் பாருங்கள். மணிக்கு 36 கி.மீ., அதாவது 10 மீ/வி. பிரேக் சீராக 2 மீ/வி² பிடித்தால் 5 நொடியில் வண்டி நிற்கும். அந்த 5 நொடியும் 60 கிலோ ஆளை வண்டியோடு சேர்த்து நிறுத்த 120 நியூட்டன் வேண்டும். கம்பியைப் பிடித்து, சற்றுப் பின்சாய்ந்து சமாளித்துவிடுவார். அவர் தடுமாறுவது வண்டி நின்ற கணத்தில். திசைவேகம் சுழியானதும் அந்த 120 நியூட்டனும் காணாமல் போகிறது. பின்சாய்ந்திருந்த உடம்பு பின்னாலேயே போய்விடுகிறது. தசைகள் சுதாரிக்க நேரமில்லை. முடுக்கத்தின் அளவு 0.2 நொடியில் 2இலிருந்து 0 ஆனால் 10 மீ/வி³. கைதேர்ந்த ஓட்டுநர் கடைசியில் மிதியை ஒரு நொடி மெல்லத் தளர்த்துவார்; 2 மீ/வி³தான் வரும். நிற்கும் தூரம் கொஞ்சம் கூடும், அதற்கு முன்கூட்டியே மிதித்திருப்பார்.

இரண்டிலும் உச்ச விசை ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஆகவே தாக்கு, மோதல், அடி போன்று விசையின் பெருமையைச் சொல்லும் சொற்களும் ஆகாது.

‘வெடுக்கம்’ எப்படி? வெடுக்கென்று இழுத்தான், வெடுக்கென்று பிடுங்கினாள் என்கிறோமே. முடுக்கம், வெடுக்கம் என்று ஓசையும் ஒட்டுகிறது.

---

ஐயா, எங்கள் பக்கம் வெடுக்கு என்றால் மீன் நாற்றம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்.

ஓசைப் பொருத்தமும் இலங்கையில் உதவாது. எங்கள் பாடநூலில் முடுக்கம் இல்லை, ஆர்முடுகல், குறைந்தால் அமர்முடுகல். உங்கள் திசைவேகம் எங்களுக்கு வேகம், உங்கள் வேகம் எங்களுக்குக் கதி. (இந்த ஒரு குழப்பமே பட்டியலில் தனிக்குறிப்புக் கேட்கும்.)

பொருளிலும் இடிக்கிறது. 400 மீட்டர் ஆரை வளைவில் ரயில் 20 மீ/வி வேகத்தில் போனால் பக்கவாட்டு ஆர்முடுகல் 1 மீ/வி². தண்டவாளச் சாய்வை விட்டுவிடுவோம். நேர்ப்பாதையை அப்படியே வட்டத்தோடு பொருத்தினால் அந்த 1 ஒரேயடியாக ஏறும். இடையில் 60 மீட்டருக்கு, சிறிது சிறிதாக வளைவு கூடும் நிலைமாறு வளைவு வைத்தால் ஏற 3 நொடி கிடைக்கும், 0.33 மீ/வி³. குவளையில் தேநீர் சிந்தாது. இதைப் போய் வெடுக்கம் என்பதா? ‘ஆர்முடுகல் மாற்றவீதம்’ போதும்.

---

> இதைப் போய் வெடுக்கம் என்பதா?

என்னலாம். முடுக்குவது என்றாலும் விரட்டுவதுதானே? வண்டி மெல்லக் கிளம்பும்போதும் அதை முடுக்கம் என்கிறோம். சிறிது பெரிது என்பதை எண் சொல்லட்டும். மீன் வாடைக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

மாற்றவீதம் வரையறைக்கு நல்லது, ஆனால் லிஃப்ட் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் இயக்கிக் கருவியின் சின்னத் திரையில் அடங்காது. லிஃப்டில் இந்த அளவை நான்கு இடத்தில் தனித்தனியே அமைப்பார்கள்: கிளம்பும்போது, முடுக்கம் முடியும்போது, வேகம் குறையத் தொடங்கும்போது, நிற்கும்போது. நிற்கும் இடத்தில் அளவைக் கூட்டிவைத்தால் முழங்காலில் தெரியும். மிகக் குறைத்தால் ஒவ்வொரு தளத்துக்கும் நேரம் கூடும். நான்குக்கும் பெயர் வைக்க நான்கைந்து எழுத்தில் ஒரு சொல் வேண்டும்.

இன்னொன்று. முப்பரிமாண அச்சுப்பொறிகளின் மார்லின் மென்பொருளிலும் ‘ஜெர்க்’ இருக்கிறது. அலகைப் பாருங்கள், மி.மீ./வி. மூலையில் திரும்பும்போது முடுக்கக் கணக்கு இல்லாமல் எவ்வளவு வேகம் சட்டென்று மாறலாம் என்ற வரம்பு அது. கூட்டினால் மூலைக்கு அப்பால் அலைபோல் வரி விழும், மோட்டார் படி தவறும். குறைத்தால் மூலையில் பிளாஸ்டிக் திரளும். அதற்கு இந்தச் சொல்லைக் கொடுக்கவே கூடாது. ‘தாவுவேகம்’ என்று பிரித்துவிடலாம்.

---

தாவுவேகம் சேர்த்தாயிற்று. தலைச்சொல் ‘வெடுக்கம்’, பக்கத்தில் ‘முடுக்க மாறுவீதம்’, இலங்கை வழக்காக ‘ஆர்முடுகல் மாற்றவீதம்’. பேருந்துக் கணக்கு எடுத்துக்காட்டாகப் போகும். அதற்கும் அடுத்த படிக்கு, அதாவது வெடுக்கமே நேரத்தோடு மாறும் வீதத்துக்கு, இப்போது தனிச்சொல் வேண்டாம், ‘வெடுக்க மாறுவீதம்’ என்றே நடத்துவோம். மீன் வாடை இல்லாத சொல் யாருக்காவது கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.