உப்பு போட்ட புளிச்ச மாவைக் கருவேப்பிலைக்கு ஊத்தலாமா?

சேலம் வெயிலில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் அக்கா, அண்ணன்மார்கிட்ட ஒரு சந்தேகம்.

4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, 1 ஸ்பூன் வெந்தயம். உப்புப் போட்டுக் கரைத்து ராத்திரி முழுக்க வெளியிலேயே விட்டாச்சு. இந்த வெக்கைக்கு 5, 6 மணி நேரமே தாராளம். விடிஞ்சு பார்த்தால் போசி மூடியைத் தள்ளிக்கிட்டு மேடையெல்லாம் மாவு. பாதியில் ரவையும் வெங்காயமும் சேர்த்து தோசையாக ஒப்பேத்தியாச்சு. மீதி 1 லிட்டர் இருக்கு.

புளிச்ச மோர் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து ஊத்துவது வழக்கம்தான். ஆனால் அதில் உப்பு கிடையாது. இந்த மாவில் 2 ஸ்பூன் கல் உப்பு. செடி வைத்த பையில் உப்பு தங்கினால் வேர் தண்ணீர் இழுக்காது, இலை ஓரம் கருகும். மாவுப்பசை வேறு மண் மேலே ஓடு கட்டி எறும்பைக் கூப்பிடும். அதனால் நேராக ஊத்த மனசில்லை. காய்ந்த சருகோடு மக்க வைத்தவங்க யாராவது இருக்கீங்களா? எவ்வளவு மாவுக்கு எவ்வளவு சருகு?

இன்னொன்று. செடிக்கு உப்பான போர் தண்ணீர்தான். தளிர் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, இரும்புச்சத்துக் குறைதான். ஃபெரஸ் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் தெளித்தால், எத்தனை நாள் கழித்து இலை பறிக்கிறீங்க? நுனி கிள்ளின இடத்தில் செம்பு நிறத்தில் ரெண்டு துளிர், அரிசி நீளம்தான், எட்டிப் பார்க்குது. அதைக் கருக்கிடக் கூடாது.