புதுப்பிப்பு: ஷாட்கன் தோட்டாப் பெட்டியில் இருக்கும் எண்கள்

சிங்கப்பூரில் சுவா சூ காங் பக்கம், பறக்கவிடும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடப் பழகுகிறேன், பெட்டியில் உள்ள '12/70, 24 கிராம், 7½' என்ன என்று போன வாரம் கேட்டிருந்தேன். விளக்கிய அண்ணன்மாருக்கு மிக்க நன்றி. பயிற்றுநரிடமும் கேட்டுவிட்டேன்.

12 என்பது கேஜ், அதாவது துப்பாக்கிக் குழாயின் உள் அகலத்தைக் குறிக்கும் எண். குழாய்க்குள் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு. அதனால்தான் 20 கேஜ் அதைவிடச் சிறியது. 24 கிராம் என்பது தோட்டாவுக்குள் இருக்கும் சன்னங்களின் (சிறு உருண்டைகளின்) மொத்த எடை; ஒலிம்பிக் போட்டியிலும் இதே அளவுதான், தோளில் உதையும் குறைவு. 7½ சன்னத்தின் அளவு, ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர். எண் கூடினால் சன்னம் சிறிதாகும். பிரிட்டிஷ் பெட்டியில் இதே சன்னம் 7 என்றிருக்கும், ஆகவே மில்லிமீட்டரைப் பாருங்கள்.

70 என்பதில்தான் ஆபத்து. அது சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளம், மில்லிமீட்டரில். 76 தோட்டா 70 அறைக்குள் (குழாயில் தோட்டா அமரும் பகுதி) எளிதாக நுழைந்துவிடும், ஆனால் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். குழாயில் பொறித்த எண்ணை ஒப்பிடாமல் போடவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 துப்பாக்கியில் விழுந்தால் குழாயில் சிக்கிக்கொள்ளும். அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழாயே வெடிக்கும். அதற்காகவே 20 பெரும்பாலும் மஞ்சள் நிறம்.

தோட்டாவை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று தம்பி ஒருவர் கேட்டதற்கு: வீட்டுக்கு ஒரு தோட்டாகூட எடுத்துப் போகாதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது இங்கே கடும் குற்றம்.