அம்மா வழுக்கி விழவில்லை: பிரஷரும் எலும்பு முறிவும்

தஞ்சாவூரிலிருந்து:
அம்மாவுக்கு வயது 74. பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்பு. சென்ற ஐப்பசியில் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். நான்காம் நாள் விடியற்காலை கழிப்பறைக்குப் போக எழுந்தவர், கட்டிலுக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவில் சரிந்துவிட்டார். தாழ்ப்பாளைப் பிடிக்க நீட்டிய கை நீட்டியபடியே கிடந்தது. “வழுக்கவில்லையடா, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது” என்றார். அதைக் காதில் வாங்காமல், கேட்டவர்களிடமெல்லாம் வழுக்கி விழுந்தார் என்றே சொல்லிவந்தோம். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது.

அறுவை முடிந்த சில நாளில் செவிலியர் ஒருவர் அம்மாவைப் படுக்கவைத்து ஒருமுறை, வாக்கரைப் பிடித்து நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். 148 ஆக இருந்த மேல் எண் 118க்கு இறங்கியது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 20 குறைந்தாலே கவனிக்க வேண்டுமாம். இத்தனை ஆண்டுகளில் யாருமே நிற்கவைத்துப் பார்த்ததில்லை. அந்த ஆதங்கம் இன்னும் ஆறவில்லை.

நாகர்கோவிலிலிருந்து:
என் மாமியாருக்கு மணிக்கட்டு. திண்ணைப் படியில் கையை ஊன்றினார், அவ்வளவுதான். எலும்பு அடர்த்தி ஸ்கேனில், இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் மைனஸ் 2.9 வந்தது, மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புப்புரைதான், அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. உப்பு மிகுந்தால் பிரஷர் ஏறுவதோடு சிறுநீரில் கால்சியமும் கூடுதலாக வெளியேறும் என்று மருத்துவர் விளக்கியபோதுதான் இரண்டும் ஒரே முடிச்சு என்று புரிந்தது.

காரைக்குடியிலிருந்து (ஓய்வுபெற்ற மருந்தாளுநர்):
தம்பி, 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு 3,676 மூதாட்டிகளைப் பின்தொடர்ந்தது. அழுத்தம் மிகுந்தவர்களுக்கு இடுப்பெலும்பு விரைவாகத் தேய்ந்திருந்தது. ஆகவே விழுந்த பயத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிரஷருக்குத் தரும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரைகளிலும் வகை உண்டு: தயசைடு கால்சியத்தை உடம்பில் நிறுத்தும், ஃபுரோசமைடு சிறுநீரில் போக்கிவிடும். அம்மாவுக்கு எது, எந்த வேளைக்கு என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:
கேட்டேன் ஐயா. இரவு போட்டுவந்த நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். நடு இரவில் எழுவது குறைந்திருக்கிறது. எழுந்தாலும், அம்மா கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மெல்ல எண்ணுகிறார். நூறு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்.