1955 சென்ட்டில் கடைசி 5 மட்டும் இரட்டையாகத் தெரிகிறது, இது டபுள் டை தானா?

செப்புக்காசு:
வணக்கம். போன வாரம் ஒரு நாணயக் கண்காட்சியில் 1955 அமெரிக்க லிங்கன் சென்ட் ஒன்றை டபுள் டை (அச்சிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்த காசு) என்று சொல்லி 40 டாலருக்குக் கொடுத்தார்கள், ஆசையில் வாங்கிவிட்டேன். வீட்டில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேதியின் கடைசி 5-க்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு 5, அவ்வளவுதான். லிபர்ட்டி என்ற சொல்லும் மேலே உள்ள வாசகமும் சாதாரணமாகவே இருக்கின்றன. ஆயிரம் டாலருக்கு மேல் போகிற காசு 40-க்கு ஏன் கிடைத்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

பழையசில்லறை:
ஏமாந்துவிட்டீர்கள் நண்பரே. அமெரிக்காவில் இதற்கு 'ஏழையின் டபுள் டை' என்றே பெயர் உண்டு. அசல் 1955-க்கு லென்ஸே வேண்டாம், தேதியின் நான்கு இலக்கமும் லிபர்ட்டியும் வாசகமும் எல்லாமே இரண்டிரண்டாக, கண்ணுக்குத்தான் ஏதோ கோளாறோ என்று நினைக்க வைக்கும். உங்களுடையது டை, அதாவது காசு அடிக்கிற அச்சு, தேய்ந்துபோய் அடித்த காசு. ஓரிரண்டு டாலர் கொடுக்கலாம்.

லென்ஸ்காரன்:
அவர் சொன்னது சரி, ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் அடுத்த காசில் தப்பிக்க முடியும். அந்தக் காலத்தில் ஹப் எனும் தாய் அச்சை வைத்து டையில் ஒரே தடவையில் முழு உருவமும் இறங்காது. ஒருமுறை அழுத்தி, டையைச் சூடாக்கி இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாம் முறை கொஞ்சம் திரும்பியிருந்தால் டையிலேயே இரண்டு உருவம் பதிந்துவிடும். அதனால் அந்த டை அடிக்கிற முதல் காசிலும் கடைசிக் காசிலும் இரட்டிப்பு ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு உருவமும் உருண்டையாக எழும்பி நிற்கும், எழுத்து மொத்தத்தில் அகலமாகும், முனைகளில் வெட்டு விழுந்த மாதிரி சின்னப் பிளவு தெரியும். நான் முதலில் தேடுவது அந்தப் பிளவைத்தான்.

தேய்மானம் வேறு கதை. லட்சக்கணக்கில் அடித்து அடித்து டையில் எழுத்தின் ஓரம் கரைந்துபோகும், காசின் உலோகம் விளிம்பை நோக்கி ஓடும். எழுத்து உப்பி, ஓரம் மழுங்கி, இரண்டாவது உருவம் கரைந்த சோப்பு மாதிரி இருக்கும், பிளவு இருக்காது. பக்கத்து வெற்றிடத்தையும் பாருங்கள், ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருந்தால் அநேகமாகத் தேய்ந்த டைதான்.

மூன்றாவது ஒன்று உண்டு, மெஷின் டபுளிங். டை தளர்வாக இருந்து, அடித்த கையோடு அசைந்து, எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். தட்டையான படி மாதிரி பளபளக்கும், எழுத்து ஒல்லியாகும். 1969-எஸ் (சான் பிரான்சிஸ்கோவில் அடித்த) சென்ட்டில் அசல் டபுள் டை மிக அரிது, இந்த மெஷின் வகையோ ஏராளம், என்னிடமே நாலு கிடக்கிறது. ஒருகாலத்தில் அவற்றைப் புதையல் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

பழையசில்லறை:
1982-க்குப் பிறகு வந்த துத்தநாகச் சென்ட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் லென்ஸ்காரன். அடிக்கும்போது செப்புப் பூச்சு எழுத்தோரம் பிய்ந்து, உள்ளே நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். அதையும் டபுள் டை என்று படம் போடுகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

செப்புக்காசு:
மிக்க நன்றி. என் காசை ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் விழ வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிளவு எதுவும் இல்லை, வழவழவென்றுதான் இருக்கிறது. எப்போதாவது அசல் வாங்கினால் வேறு என்ன பார்க்க வேண்டும்?

லென்ஸ்காரன்:
அசலுக்கும் போலி உண்டு, அதனால் பின்பக்கத்தைத் திருப்புங்கள். 'சென்ட்' என்ற சொல்லின் டி எழுத்துக்கு இடப்புறம் மெல்லிய செங்குத்துக் கீறல்கள் இருக்க வேண்டும், அந்த முன்பக்க டையோடு ஜோடி சேர்ந்த பின்பக்க டையில் இருந்த கீறல் அது. பழைய புழக்கக் காசில் அது தேய்ந்திருக்கலாம் என்பதால், தரச்சான்று நிறுவனத்தின் பெட்டியில் அடைத்த காசாக வாங்குவதுதான் நிம்மதி. 20,000-க்கு மேற்பட்ட காசுகள் வெளியே போயின, அதிலும் நிறைய சிகரெட் பாக்கெட் வழியாக: இயந்திரத்தில் கால் டாலர் போட்டால் 23 சென்ட் பாக்கெட் வரும், மீதி இரண்டு சென்ட்டை மேல்தாளுக்குள்ளேயே செருகி வைத்திருப்பார்கள். அப்புறம், அந்த 40 டாலரைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், ரசீதில் டபுள் டை என்று எழுதியிருக்கிறார்களா?

செப்புக்காசு:
ரசீதில் '1955 சென்ட், 1' என்று மட்டும் இருக்கிறது.