இண்டிவிஜுவேஷன்: ‘தனியாக்கம்’ வேண்டாம், ‘தானாதல்’ ஆகுமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

நம் உளவியல் சொற்பட்டியலில் ‘இண்டிவிஜுவேஷன்’ (ஒருவர் தமக்குள் பிளந்து கிடப்பதை ஒன்றுசேர்த்து முழு ஆளாக வளர்வது) என்பதற்கு நேராகத் ‘தனியாக்கம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டு வைத்திருக்கிறோம். கேள்விக்குறியை எடுப்பதற்குப் பதிலாகச் சொல்லையே எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த நீண்ட மடலை எழுதுகிறேன்.

திருவாரூரில் உளவள ஆலோசகர்களாகப் பயிற்சி பெறும் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கின் உளவியலைத் தமிழில் சொல்லித்தந்து வருகிறேன். போன வாரம் ‘தனியாக்கம்’ என்று பலகையில் எழுதி, வாழ்வின் பிற்பாதியில் மனிதருக்கு வாய்க்கும் பெரிய வேலை இதுதான் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் ஓர் அம்மையார் கையைத் தூக்கி, “ஐயா, தனிக்குடித்தனம் போறதைத்தானே சொல்றீங்க? அதை நாமளே ஒருத்தருக்குப் போய்ச் சொல்லலாமா?” என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் குறிப்பேடுகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் ‘குடும்பத்தைச் சாராமல் நிற்பது’ என்றும், இன்னொன்றில் ‘மற்றவர்களைப் போல இல்லாமல் இருப்பது’ என்றும் எழுதியிருந்தது. இரண்டும் யுங் சொன்னதற்கு நேர் எதிரானவை. ஒரு மணி நேரம் நான் பேசியதை அந்த ஒற்றைச் சொல் கலைத்துவிட்டிருந்தது.

பிழை வேரிலேயே இருக்கிறது. இலத்தீனத்தில் ‘இண்டிவிடுவுஸ்’ என்றால் பிரிக்க முடியாதது, பிளவுபடாதது என்று பொருள். நாமோ அதைத் ‘தனி’ என்று பிடித்துக்கொண்டோம். தமிழில் தனிமரம், தனியாள், தனிமை என்று எதை எடுத்தாலும், பிறரிடமிருந்து விலகி நிற்பதே முதலில் தோன்றும். யுங் பேசியது, ஒருவருக்குள்ளேயே பிளந்து கிடப்பவை ஒன்றுகூடுவதைப் பற்றி. உளவியல் வகைகளைப் பற்றி 1921இல் அவர் வெளியிட்ட நூலில் இச்சொல்லை வரையறுக்கும்போதே, இது தனிமனிதவாதம் அன்று என்றும், இது மனிதரை ஒதுக்கத்துக்குக் கொண்டுபோகாமல் இன்னும் ஆழ்ந்த, விரிந்த உறவுகளுக்கே கொண்டுபோகும் என்றும் தெளிவாக்கியிருக்கிறார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கும் உறவுக்கும் ஏற்ற ஒரு முகத்தை வளர்த்துக்கொண்டுதான் நாம் ஆளாகிறோம். நாடக முகமூடியைக் குறிக்கும் ‘பெர்சோனா’ என்ற பழைய இலத்தீனச் சொல்லையே யுங் அந்த முகத்துக்குப் பெயராக வைத்தார். அந்த முகத்தில் இடம்பெறாத கோபம், ஆசை, அச்சம், சில வேளைகளில் நல்ல திறமைகளும்கூட, நம் நனவுக்கு எட்டாத மனப்பகுதியாகிய நனவிலிக்குள் இறங்கிவிடுகின்றன, இறங்கினவை அழிவதில்லை. வயலில் கோரை பறித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடுங்கினால் தாள் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். சில நாளில் அதே இடத்தில் மறுபடி தலைகாட்டும். யுங்கும் தம் முதுமையில் சொன்ன தன்வரலாற்றில், மண்ணுக்கடியில் மறைந்த கிழங்கைக் கொண்டு உயிர்வாழும் செடியாகவே மனித வாழ்வைக் கண்டார். அப்படி உள்ளே கிடப்பதைக் கனவு வழியாகவும் தொன்மங்கள் வழியாகவும் எதிர்கொண்டு, இதுவும் என்னுடையதுதான் என்று ஏற்று, ஒருவர் தம் முழு அளவுக்கு வளரும் நெடுங்காலப் போக்குக்குத்தான் நமக்குச் சொல் தேவைப்படுகிறது.

முன்பு இங்கே வந்த பிற சொற்களில் ‘தன்னிறைவு’ பொருளாதாரத்துக்குப் போய்விட்டது. ‘ஆளுமை வளர்ச்சி’ நேர்காணல் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்விட்டது. ‘ஆன்ம சாட்சாத்காரம்’ சமயத்துக்கே உரியது. இவற்றை மீட்க முயல்வதில் பயனில்லை என்பது என் கருத்து.

நான் முன்வைக்கும் சொல் ‘தானாதல்’. இது என் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. ‘நானு’க்கும் நனவிலிக்கும் உள்ள உறவைப் பற்றி 1928இல் எழுதிய நூலில் யுங்கே, இண்டிவிஜுவேஷன் என்பது ஒருவர் தம் சொந்தத் ‘தான்’ ஆக ஆவது என்று ஜெர்மனில் விரித்துச் சொல்கிறார். அவர் ஆண்ட சொற்கள் ‘இஷ்’, ‘செல்ப்ஸ்ட்’ ஆகிய இரண்டும் ஜெர்மன் குழந்தைகள்கூட அன்றாடம் பேசுகிற சொற்கள். நமக்கு ‘நான்’, ‘தான்’ எப்படியோ அப்படி. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு எழுதிய ‘இஷ்’ஷையும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள்தாம் ‘ஈகோ’ என்று இலத்தீனமாக்கினார்கள். நாம் அந்த ஆங்கிலத்தைப் பார்த்து ‘அகந்தை’, ‘தன்முனைப்பு’ என்றெல்லாம் அலைந்ததற்குப் பதிலாக மூலத்தைப் பார்த்திருந்தால், ‘நான்’ என்றே எழுதியிருப்போம்.

இலக்கணமும் கைகொடுக்கிறது. ‘நான் வந்தேன்’ என்பது தனித்து நிற்கும். ‘தான்’ அப்படி நிற்காது. அது சுட்டுவதற்கு முன்னே ஓர் ஆள் வேண்டும். அதோடு அது படர்க்கைச் சொல். ‘நான்’ தன்னைத் தான் என்று சொல்லும்போது, தன்னையே சற்றுத் தள்ளி நின்று இன்னொருவராகப் பார்க்கிறது. யுங் சொல்லும் ‘தான்’ நனவையும் நனவிலியையும் சேர்த்த முழு மனம். ‘நான்’ அதில் நனவின் நடுவிடம் மட்டுமே. ஒரு நண்பர் ‘தன்னாதல்’ என்று திருத்தியிருந்தார். ‘தன்’ வேற்றுமை ஏற்கும் வடிவம். ‘தன்னாட்சி’யில் அது சரி. ‘அரசன் ஆதல்’, ‘தாய் ஆதல்’ என்பது போல ‘தான் ஆதல்’ என்றே வர வேண்டும்.

சொல்லுக்குச் சான்றாக இந்த ஊரின் கதை ஒன்றையே வகுப்பில் வைத்திருக்கிறேன். சுந்தரர் திருவாரூரில் பரவையாரோடு வாழ்ந்தவர். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது பிரியேன் என்று ஆணையிட வேண்டியிருந்தது. சன்னிதியில் ஆணையிடும் நேரத்தில் இறைவன் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். சாட்சி இல்லாத இடத்தில் வாக்குக் கொடுக்க நினைத்தார் என்பதுதானே இதன் பொருள்? ஆணை மகிழ மரத்தடியிலேயே நடந்தது. தென்றல் வீசும் காலம் வந்ததும் ஆரூர் நினைவு இழுக்க, ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய அக்கணமே இரு கண்ணும் போயின. காஞ்சியில் ஒரு கண் வந்தது. ஒற்றைக் கண்ணோடு ஆரூருக்கு வந்து அவர் பாடிய பதிகத்தைக் கோயில் குளமான கமலாலயக் கரையில் அமர்ந்து எத்தனை முறை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

“குற்றமொன்றும் செய்ததில்லை” என்கிறார். “நீரே பழிப்பட்டீர்” என்று இறைவன் மேலேயே திருப்புகிறார். மறுப்பு இவ்வளவு உரக்க வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் அவரே முதல் பாட்டில் சொல்லிவிட்டார்: “மூளாத் தீப்போல் உள்ளே கனன்று.” சுடர்விடாமல் உள்ளுக்குள் கனலும் நெருப்பு. நனவிலியில் அழுந்திக் கிடப்பதற்கு இதைவிட நல்ல தொடரை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. குற்றமில்லை என்ற அதே பாட்டு, “விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன்” என்று தொடங்குகிறது. ஒற்றி என்றால் அடமானம். நான் அடமானப் பொருளல்ல, முழுதும் உமக்கு ஆட்பட்டவன் என்று பொருள். ஆனால் எந்த ஊரில் வாக்குப் பிசகினாரோ அந்த ஊரின் பெயரும் ஒற்றிதான். மறைக்க நினைத்த இடம் நாவில் தானே வந்து நிற்பதாக நான் வாசிக்கிறேன். “வாழ்ந்து போதீரே” என்று ஒவ்வொரு பாட்டையும் முடிப்பதும், “நீங்களே நல்லா இருங்க” என்று இன்றும் எங்கள் தெருவில் கோபத்தில் சொல்கிறார்களே, அதே தொனிதான். இத்தனையும் வெளியே வந்த பிறகே மற்றைக் கண் கிடைக்கிறது. பரவையாரையோ சங்கிலியாரையோ வெட்டிவிட்டு அவர் பார்வை பெறவில்லை. மழுப்பி வைத்த பாதியைச் சுமந்துகொண்டு தம் ஊருக்கே திரும்பி வந்து பெற்றார். அடியார்களுக்கு இது திருவிளையாடல். அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. ஒரு மனிதர் தானாவது எப்படி இருக்கும் என்பதை இக்கதை எனக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

அன்பர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

திருவாரூரிலிருந்து

•

ஐயா, வணக்கம்.

சுந்தரர் பதிகத்தைப் படித்த விதம் எனக்குப் பிடித்தது, சொல்லில்தான் தயக்கம். முதலாவது, ‘தான் என்கிற எண்ணம்’, ‘தான்தோன்றி’ என்று வழக்கில் ‘தான்’ செருக்கையே குறிக்கிறது. தானாதல் என்றால் ஆணவம் முற்றுதல் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள். இரண்டாவது, இதைவிடப் பெரிய தடை. “யானாகிய என்னை விழுங்கி வெறுந் தானாய் நிலை நின்றது தற்பரமே” என்று கந்தரனுபூதி பாடுகிறது. அங்கே தானாய் நின்றது பரம்பொருள், யான் விழுங்கப்பட்டுவிட்டது. “அவனே தானே ஆகிய அந்நெறி” என்ற சிவஞானபோதத் தொடரும் முத்திநிலையைச் சொல்வது. ஆதீனங்கள் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் வளர்ந்த யாரும் தானாதலைக் கேட்டால் வீடுபேற்றைத்தான் நினைப்பார்கள். உளவியல் சொல்லுக்கு அவ்வளவு பாரம் தேவையா? ‘முழுதாதல்’ போதாதா?

மயிலாடுதுறையிலிருந்து

•

அம்மா, வணக்கம்.

செருக்குப் பற்றிய தடையை முழுதாக மறுக்க என்னால் முடியாது. வள்ளுவர் ‘யான், எனது என்னும் செருக்கு’ என்று தன்மையைச் சுட்டினாலும், பேச்சுவழக்கில் ‘தானு’க்கும் அந்தக் கறை உண்டு. ஆனால் ‘தானே உணர்ந்தான்’, ‘தன்னைத் தேற்றிக்கொண்டாள்’ என்னும்போது கறை இல்லை. ‘ஆதல்’ சேரும்போது இரண்டாம் பக்கமே ஓங்கும் என்று நம்புகிறேன். இன்னும் நான்கு வகுப்புகளில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாம் தடைதான் சிந்திக்க வைத்தது. அது உண்மையான வேறுபாட்டைத் தொடுகிறது. 1937 இறுதியில், இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளிவிழா அழைப்பை ஏற்று யுங் இந்தியாவுக்கு வந்தார்; திருவண்ணாமலைக்கு மட்டும் போகவில்லை. ரமணரைப் பெரிதும் மதித்தவர், ஆனால் ‘நான்’ முற்றிலும் கரைந்துவிட்ட பிறகு ஒரு நனவுநிலை இருக்கும் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அறிபவர் ஒருவர் இல்லாமல் அறிவு எப்படி என்பது அவர் கேள்வி. ஆகவே அவர் சொல்லும் தானாதலில் ‘நான்’ விழுங்கப்படுவதில்லை. தன்னைவிடப் பெரிய ஒன்றின் பகுதி என்று தெரிந்துகொண்டு, அதனோடு உறவில் நிற்கிறது. கந்தரனுபூதித் தொடரோடு இது ஒத்துப்போகாதுதான். ஆனால் நீங்கள் பயின்ற சைவ சித்தாந்தத்திலேயே இதற்கு அருகில் ஒன்று இருக்கிறதே! தாளும் தலையும் சேர்ந்து ‘தாடலை’ என்று ஒரு சொல்லாக ஒலித்தாலும் இரண்டும் இரண்டாகவே இருப்பதைத் திருவருட்பயன் உவமையாக்கவில்லையா? உயிர் அழியாமல் ஒன்றாதல் என்ற நுட்பம் தமிழுக்குப் புதிதன்று. அகராதிக் குறிப்பில், ‘சமயப் பொருளில் அன்று, நான் அழியாது நிற்கும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம்.

ஃபிராய்டிடமிருந்தும் இதைப் பிரித்துக் காட்ட வேண்டும். ‘அது இருந்த இடத்தில் நான் ஆக வேண்டும்’ (‘அது’ என்பது நனவிலியில் கிடக்கும் உந்துதல்கள்) என்று 1933இல் எழுதிய அவர், அவ்வேலையை டச்சுக்காரர்கள் கடலை வடித்து நிலம் எடுப்பதற்கு ஒப்பிட்டார். யுங்குக்கு வடிப்பது மட்டும் போதாது; தண்ணீரை உள்ளே விடவும் வேண்டும். வாய்க்காலும் வடிகாலும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் நம் மண்ணில் இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது.

‘முழுதாதலை’ நான் தள்ளுவதற்குக் காரணம், முழுமை என்றால் நம் காதில் ‘குறைவிலா நிறைவு’ என்றே விழுகிறது. குறையற்றவராவது வேறு, குறையையும் சேர்த்துக்கொண்டு முழு ஆளாவது வேறு என்பதில் யுங் உறுதியாக இருந்தார். முழுமையை விளக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், தலைச்சொல்லாக வேண்டாம்.

‘தானாகிறார்’ என்ற வினைவடிவம் ‘தானாகவே’ என்பதோடு மயங்கும் என்று இன்னொரு நண்பர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அது சரிதான். வினையாக வரும் இடங்களில் ‘தான் ஆகிறார்’ என்று பிரித்து எழுதுவோம். பெயராகத் ‘தானாதல்’, பெயரடையாகத் ‘தானாகு’. ஈகோவுக்கு ஒற்றை மேற்கோளிட்டு ‘நான்’. வேறு மறுப்பு இல்லாவிட்டால் இந்த நான்கையும் மாத இறுதியில் பட்டியலில் ஏற்றுகிறேன்.

மன்னார்குடி அம்மையாரிடம் புதிய சொல்லைச் சொன்னபோது, “அப்படின்னா ஊரை விட்டுப் போக வேண்டியதில்ல” என்றார். அடுத்து அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் விடை இல்லை. ‘ஷேடோ’வுக்கு நாம் ஏற்றிருக்கும் ‘நிழல்’ எப்படித் தள்ளிவைத்த கெட்டதைக் குறிக்கும், வைகாசி வெயிலில் நடவாளுக்கு நிழலைவிட நல்லது எது என்று கேட்டார். அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன். நிழலுக்கு மாற்று வைத்திருப்பவர்கள் எழுதுங்கள்.

திருவாரூரிலிருந்து