வரலாறும் உளவியலும் சேர்த்துப் படித்தால் எங்கே இடிக்கும்?

தேன்சிட்டு:
வரலாறும் உளவியலும் சரிபாதியாக வரும் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ? பிறகு மருத்துவ உளவியல் பக்கம் போக வழி இருக்குமா? கணக்கும் எனக்குச் சுமார்தான்.

கணியன்:
பட்டத்தின் பெயரை விடுங்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். எந்த நாட்டில் பயிற்சி பெற நினைக்கிறீர்களோ அங்குள்ள உளவியலாளர் அமைப்பின் விதிகளை எடுத்து வைத்துக்கொண்டு கிரெடிட்டுகளை எண்ணுங்கள். புள்ளியியலோடு கூடிய ஆய்வு முறைகள், மூளையும் உயிரியலும் சார்ந்த தாள், தரவு திரட்டிச் செய்த இறுதியாண்டு ஆய்வு: பெரும்பாலும் குறைவது இவைதான். இறுதி ஆய்வை வரலாற்றில் எழுதி முடித்தபின் மேற்படிப்புக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்காது. சேரும் முன்பே துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

கணக்குக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அது ஏணி மாதிரி. திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது) புரியாமல் திட்டப் பிழை (மாதிரியின் சராசரி எவ்வளவு தடுமாறலாம் என்பது) புரியாது; அதுவும் புரியாவிட்டால் குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட், அனோவா எல்லாம் மனப்பாடம்தான். வரலாற்றுக் கட்டுரைக்குக் கெடு வரும் வாரத்தில் புள்ளியியலைத் தள்ளிப்போடுவார்கள், அங்கேதான் சறுக்கும். ஒவ்வொரு சோதனையையும் பத்து எண்களை வைத்து ஒருமுறை கையால் போட்டுவிட்டு அப்புறம் மென்பொருளுக்குப் போங்கள். சோதனை தரும் பி மதிப்பு 0.03 என்றால் 'கருதுகோள் தவறாக இருக்க 3% வாய்ப்பு' என்று எழுதிவிடாதீர்கள். விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு வர 3% வாய்ப்பு, அவ்வளவே.

சுவடி:
புள்ளியியலைவிட எழுத்துதான் அதிகம் இடிக்கும். ஆய்வக அறிக்கையில் கருதுகோள் முன்னாலேயே வரும். முறை, முடிவு, விவாதம் என்று தனித்தனி அறைகள். வரலாற்றுக் கட்டுரையில் வாதமே முதுகெலும்பு, அடிக்குறிப்பு கோப்பு எண் வரை போகும். முறைப் பகுதியில் வாதாடினாலும் மதிப்பெண் போகும், வரலாற்றுக் கட்டுரையில் 'நிரூபிக்கப்பட்டது' என்று முடித்தாலும் போகும்.

ஆனால் சான்று என்றால் என்ன என்று இரண்டு துறையும் சண்டை போடும் இடம்தான் இந்தப் படிப்பின் ருசி. அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணையில் 1973-இல் அவருடைய சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன் நினைவிலிருந்து சாட்சியம் சொன்னார். பின்னர் அதே உரையாடல்களின் ஒலிநாடா வெளிவந்தது. உளவியலாளர் உல்ரிக் நைசர் 1981-இல் இரண்டையும் ஒப்பிட்டார்: யார் என்ன சொன்னார்கள் என்பதில் டீன் நிறையத் தவறியிருந்தார், மூடிமறைப்பு நடந்தது என்ற மையச் செய்தியில் தவறவில்லை. வாய்மொழி வரலாறு படிக்கும்போது இது பெரிய துணை.

அகழி:
எதிர்த்திசையையும், அதாவது வரலாறு உளவியலைத் திருத்துவதையும், சொல்ல வேண்டும். 1964-இல் நியூயார்க்கில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண்ணின் கொலையை 38 பேர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கதை உளவியல் பாடநூல்களில் வெகுகாலம் ஓடியது. 2007-இல் வந்த ஒரு கட்டுரை, நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்டவற்றைப் பார்த்து, அதற்கு ஆதாரமில்லை என்று காட்டியது. அதற்காக அந்தச் சம்பவத்துக்குப் பின், ஆள் கூடினால் உதவுவது குறைகிறதா என்று பார்க்க நடந்த சோதனைகள் பொய்யாகிவிடவில்லை. கதை வேறு, சோதனை வேறு.

இறந்தவர்களுக்கு நோய்ப்பெயர் சூட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள். 1916-ஆம் ஆண்டுக் கோப்பில் 'ஷெல் ஷாக்' (முதல் உலகப்போர் வீரர்களின் மன அதிர்ச்சிக்கு அன்று வைத்த பெயர்) என்று இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்பது 1980-இல்தான் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலில் நுழைந்தது. இரண்டும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால், அக்கால மருத்துவர்கள் என்ன நினைத்தார்கள் என்ற கேள்வியே காணாமல் போய்விடும்.

தேன்சிட்டு:
நன்றி. இரண்டுக்கும் பொதுவாக ஒரே இறுதி ஆய்வு செய்ய முடியுமா?

கணியன்:
விதி இடம் கொடுத்தால் முடியும். உளவியல் தரப்பில் தரவுப் பகுப்பாய்வு கட்டாயமா என்று முதலில் பாருங்கள். பழைய கடிதங்களில் வரும் கருத்துகளை வகைபிரித்துக் குறியீடு போட்டு எண்ணுவதானால் இரண்டு பேர் தனித்தனியாகக் குறியிட்டு, ஒத்துப்போகும் அளவை, தற்செயல் ஒற்றுமையைக் கழித்துச் சொல்லும் கப்பா மதிப்பாகக் காட்ட வேண்டும். உயிருடன் இருப்பவர்களைப் பேட்டி எடுப்பதானால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வராமல் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது; அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மனநல மருத்துவமனைக் கோப்புகள் பல பத்தாண்டுகள் மூடியே இருப்பது வழக்கம். ஆகவே ஆவணம் கைக்குக் கிடைக்குமா என்று பார்த்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள்.