‘டயர்ட் ஆஃப்’ என்று எழுதிவிட்டேன்: ஆங்கிலத்தில் ஒரு சிறு சொல் மாறியதால் நேர்ந்தவை

செந்தூல், கோலாலம்பூர்

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் மனத்தை அறுக்கிறது. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த மாதம். முதுகில் புண் வராமல் இருக்க இரவு முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாள் காலையில் என்னால் எழுந்து நிற்கவே முடியவில்லை. மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் விடுப்புக் கேட்டேன். ‘ஐ எம் டயர்ட் ஆஃப் லுக்கிங் ஆஃப்டர் மை மதர்.’ அம்மாவைக் கவனித்ததால் களைத்திருக்கிறேன் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

மறுநாள் அவர் என்னைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மலாய்க்காரர், அம்மா வயதுடையவர். கைப்பேசியை என் பக்கம் திருப்பி அந்த வரியைக் காட்டினார். “முதியோர் இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கிறாயா? எனக்குத் தெரிந்த நல்ல இடம் ஒன்று இருக்கிறது” என்று மெதுவாகக் கேட்டார்.

‘டயர்ட் ஃப்ரம்’ என்றால் உடல் களைப்பு. ‘டயர்ட் ஆஃப்’ என்றால் சலித்துவிட்டது, இனி வேண்டாம் என்று பொருள். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. ஏன் இப்படிக் கேட்கிறார் என்றே விளங்காமல், “நன்றி, புவான் (மேடம்)” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்த பிறகுதான் உடம்பு நடுங்கியது. பெற்ற தாயைப் பற்றி நான் அப்படி எழுதியதாக அவர் நம்பிவிட்டார். நம்பிய பிறகும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தமிழில் ‘ஆல்’ என்று ஓர் உருபு போட்டால் முடிந்தது. அந்த நினைப்பில் எழுதப்போய்த்தான் இடறினேன். உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அக்கா, வருத்தம் புரிகிறது. ஆனால் பழியைத் தமிழ்மேல் போடாதீர்கள். என் கதையில் தமிழ் சரியாகத்தான் இருந்தது.

தொழிற்சாலையில் இரவு வேலை. கழிக்கப்படும் பொருள்களின் விகிதம் 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கு ஏறியது. வேலை மாறும் நேரத்து அறிக்கையில் ‘இன்க்ரீஸ் டு 4’ என்று எழுத வேண்டியதை ‘இன்க்ரீஸ் ஆஃப் 4’ என்று எழுதிவிட்டேன். முதலாவது, நாலை எட்டியது. இரண்டாவது, நாலு கூடியது. அதாவது மூன்றோடு நாலு சேர்ந்து ஏழு. காலையில் வந்த பொறியாளர் அதைப் படித்துவிட்டு உற்பத்தி வரிசையை நிறுத்தினார். சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பொருள்களை நகர்த்தும் எல்லாப் பட்டைகளும் ஒரே நேரத்தில் நின்றன. அத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

‘நாலு சதவீதம் கூடியது’, ‘நாலு சதவீதத்துக்குக் கூடியது’. ஒரு ‘கு’ எல்லாவற்றையும் பிரித்துக் காட்டிவிடுகிறது, பாருங்கள். தமிழில் யோசித்து எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். அவசரத்தில் காதில் பழகியதை எழுதினேன்.

பிரிக்பீல்ட்ஸ், ஓய்வு பெற்ற ஆசிரியர்

இருவர் சொல்வதும் பாதிதான் சரி. முதலில் என் அனுபவம். மூயெட் எனப்படும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வின் வாய்மொழிப் பகுதிக்கு மாலையில் என் வீட்டில் சில பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தேன். ஒரு மாணவிக்குப் பொறியியல்மீது உயிர். பேச எழுந்தாள். ‘ஐ எம் இன்ட்டரெஸ்டட்’ வரை வந்து நின்றுவிட்டாள். உதடுகள் மட்டும் ஓசையில்லாமல் அசைந்தன: இன், ஆன், வித். பிறகு அந்த வாக்கியத்தையே கைவிட்டு, ‘ஐ லைக் இன்ஜினியரிங்’ என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். சொல்ல அவ்வளவு வைத்திருந்தவள்.

நம் பிள்ளைகள் இரண்டு மொழிகளைக் கடந்துதான் ஆங்கிலத்துக்கு வருகிறார்கள். தமிழில் உருபு சொல்லின் வாலில் ஒட்டும்; ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும். நடுவில் மலாய். ‘காவின் டெங்ஙான்’ (‘இன்னாருடன் மணம்’) என்று கேட்டுப் பழகியவன் ‘மேரீட் வித்’ என்கிறான். தமிழின் ‘ஓடு’வும் அதற்கு ஒத்து ஊதுகிறது. ஆங்கிலத்தில் ‘மேரீட் டு’. ‘பாண்டாய் டாலாம்’ (‘ஒன்றில் கெட்டி’) என்பதிலிருந்து ‘குட் இன் மேத்ஸ்’ வருகிறது. அது ‘குட் அட்’. ‘என்மேல் கோபம்’ என்பதை ‘ஆங்ரி ஆன் மீ’ என்று எழுதுகிறார்கள். அது ‘ஆங்ரி வித் மீ’.

ஆகவே முன்னிடைச்சொல்லைத் தனியாகப் பொருள் பார்த்துப் படிக்காதீர்கள். ஒரு குறிப்பேட்டில் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்பதை ஒரே சொல்லாக எழுதுங்கள், இடைவெளியே இல்லாததுபோல. ‘அஷேம்ட் ஆஃப்’, ‘ஜெலஸ் ஆஃப்’, ‘ஃபாண்ட் ஆஃப்’ எல்லாம் அதே பக்கத்துக்குப் போகட்டும். அடுத்த பக்கத்தில்தான் உண்மையான சிக்கல் காத்திருக்கிறது: பெயரடை ஒன்றைக் கேட்கும், அதே குடும்பத்துப் பெயர்ச்சொல் வேறொன்றைக் கேட்கும். ‘ப்ரவுட் ஆஃப்’, ஆனால் ‘ப்ரைட் இன்’. ‘ஃபாண்ட் ஆஃப்’, ஆனால் ‘ஃபாண்ட்னஸ் ஃபார்’. வினைச்சொல்லுக்குப் பல இடங்களில் எதுவுமே வேண்டாம்: ‘டிஸ்கஸ்’ என்றால் நேராகப் பொருளைச் சொல்ல வேண்டும், ‘டிஸ்கஷன்’ என்றால் ‘அபவுட்’ வரும். ‘எம்ஃபசைஸ்’ தனியாக நிற்கும், ‘எம்ஃபசிஸ்’ வந்தால் ‘ஆன்’. ‘டிஸ்கஸ் அபவுட்’ என்று அலுவலகக் கடிதங்களிலேயே பார்க்கிறேன், நெஞ்சு வலிக்கிறது. ‘டிஃபரென்ட் டு’ என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். ‘ஃப்ரம்’ ஒன்றே சரி.

ஆயர் ஈத்தாம், பினாங்கு

ஐயா, மதிப்போடு சொல்கிறேன். அக்கா கேட்டது அனுபவம். இலக்கணப் பாடத்தை யாரும் கேட்கவில்லை. உங்கள் கடைசி வரி தவறும்கூட. ‘டிஃபரென்ட் டு’ பிரிட்டிஷ் வழக்கில் உண்டு, ‘டிஃபரென்ட் தேன்’ அமெரிக்க வழக்கில் உண்டு. தேர்வில் ‘ஃப்ரம்’ எழுதுவது பாதுகாப்பு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நான்காம் படிவத்தில் இதே ‘டு’வுக்காக ஓர் ஆசிரியர் என்னை வகுப்பு முன்னால் நிறுத்தினார். அன்றிலிருந்து வகுப்பில் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்டுகள். அந்த ‘டு’ தவறே இல்லை என்று பின்னாளில் ஓர் அகராதியில் படித்தபோது நூலகத்திலேயே அழுதேன். உங்கள் மாணவி நின்றுபோனாளே, அவளுக்குச் சொல் தெரியாமல் போயிருக்காது, ஐயா. பயந்திருப்பாள்.

பிரிக்பீல்ட்ஸ், ஓய்வு பெற்ற ஆசிரியர்

‘டிஃபரென்ட் டு’ பற்றி நீங்கள் சொன்னது சரி, மகளே. திருத்திக்கொள்கிறேன். அந்த மாணவியைப் பற்றிச் சொன்னதையும் நினைத்துப் பார்க்கிறேன். குறிப்பேடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டர்வொர்த்

என்னுடையது சின்னது. நள்ளிரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் தம் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். இன்னும் சற்றுத் தாமதமாகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னார். அப்பா வீடு திரும்பியதும் ஒரு பழக்கூடையும் அட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அட்டையில் ‘தேங்க் யூ ஃபார் கமிங் ஆன் டைம்’. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “நான் எத்தனை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன்?” என்று உண்மையாகவே கேட்டார்.

‘ஆன் டைம்’ என்றால் குறித்த நேரத்தில். பஸ்ஸுக்கும் கூட்டத்துக்கும் உரியது. ‘இன் டைம்’ என்றால் கைமீறிப் போவதற்குள். ‘சரியான நேரத்தில் வந்தீர்கள்’ என்று தமிழில் இரண்டுக்கும் சொல்லிவிடுகிறோம். ஓர் உயிரைக் காப்பாற்றியவருக்கு, பஸ் ஓட்டுநரிடம் சொல்வதைப்போல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அட்டை இன்னும் அவர் வீட்டுத் தொலைக்காட்சிமேல் இருக்கிறது. பெருநாளுக்குப் போகும்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது.

செந்தூல், கோலாலம்பூர்

எல்லாவற்றையும் படித்தேன். பாயான் லெப்பாஸ் தம்பி, தமிழைக் குறை சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆசிரியர் ஐயா, ‘டயர்ட் ஃப்ரம்’ குறிப்பேட்டின் முதல் வரியாக ஏறிவிட்டது.

அம்மா சென்ற ஆண்டு காலமானார், வீட்டில், என் கையைப் பிடித்தபடி. அந்த மேற்பார்வையாளர் வேறு கிளைக்குப் போய்விட்டார். அட்டையைப் பற்றிப் படித்த பிறகு நேற்றிரவு அவருக்கு எழுதினேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய வரி தவறு, நான் சொல்ல வந்தது இது, அம்மா கடைசிவரை என்னுடன்தான் இருந்தார் என்று. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முன்னிடைச்சொல்லையும் அகராதியில் பார்த்தேன். இரண்டு நீலக் குறிகளும் விழுந்திருக்கின்றன. பதில் இன்னும் வரவில்லை.